திறந்த அரசும் இணையமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு நிர்வாகத்தை மக்கள் பார்வைக்குத் திறந்துவைக்கவும், முடிவெடுப்பதில் அவர்களுக்கு இடம் தரவும் இணையத் தொழில்நுட்பத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று யோசிப்பவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டது. அலுவலகத்தில் இந்தப் பொறுப்பு தலையில் விழுந்தவர்கள், உதவ முன்வரும் நிரலாளர்கள், வெளியிலிருந்து கேள்வி கேட்கும் குடிமக்கள் ஆகிய மூன்று தரப்பினரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே உள்ளன.

திறந்த அரசு என்பதும் மின்னாளுமை என்பதும் ஒன்றுதானே?

இல்லை. சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது, வரி கட்டுவது, உரிமத்தைப் புதுப்பிப்பது போன்ற வேலைகளை இணையத்துக்குக் கொண்டுவருவது மின்னாளுமை. அதில் வரிசை அலுவலக வாசலிலிருந்து திரைக்கு இடம் மாறுகிறது. அலுவலகத்துக்குள் என்ன நடக்கிறது என்பது வெளியே நிற்பவருக்கு முன்போலவே தெரியாமல் இருக்கலாம். எவ்வளவு பணம் வந்தது, அது யாருக்குப் போனது, ஒரு முடிவை யார் எந்தக் காரணத்துக்காக எடுத்தார்கள், எடுப்பதற்கு முன் யாருடைய பேச்சைக் கேட்டார்கள் என்பதையெல்லாம் குடிமக்கள் மனுப் போடாமலே காணும்படி செய்வதும், அந்த முடிவில் அவர்களுக்கும் ஓர் இடம் வைப்பதும்தான் திறந்த அரசு.

கருத்து பழையது. சுவீடன் 1766-லேயே பத்திரிகைச் சுதந்திரச் சட்டத்தின் வழியாக அரசு ஆவணங்களைப் பார்வையிடும் உரிமையைக் குடிமக்களுக்குத் தந்தது. இந்தியாவின் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், யாரும் கேட்பதற்கு முன்பாகவே அலுவலகங்கள் தாமாக வெளியிட வேண்டிய விவரங்களை அதன் 4-ஆவது பிரிவில் பட்டியலிடுகிறது. 2009 ஜனவரி 21 அன்று, பதவியேற்ற மறுநாள், அமெரிக்க அதிபர் பராக் ஒபாமா வெளியிட்ட குறிப்பாணை வெளிப்படைத்தன்மை, பங்கேற்பு, கூட்டுழைப்பு என்ற மூன்று சொற்களை முன்வைத்தது. இத்துறையில் இன்று புழங்கும் பேச்சு பெரும்பாலும் அந்த மூன்றைச் சுற்றியே நடக்கிறது. 2011-ல் 8 நாடுகள் சேர்ந்து தொடங்கிய திறந்த அரசுக் கூட்டமைப்பு, உறுப்பு நாடுகள் தங்கள் வாக்குறுதிகளைச் செயல்திட்டமாக எழுதித் தர வேண்டும் என்றும், அவை நிறைவேறினவா என்பது தனித்து இயங்கும் ஆய்வாளர்களால் மதிப்பிடப்படும் என்றும் வகுத்தது. இரண்டாவது விதிதான் எடை கூடியது. வாக்குறுதி தருவது எந்த அரசுக்கும் கடினமான வேலை அன்று.

மக்கள் பங்கேற்புக்கு இணையம் எதற்கு? கூட்டம் போட்டுக் கேட்டால் போதாதா?

பல நேரங்களில் போதும். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரில் மக்கள் பகுதிவாரியாகக் கூடி, நகராட்சி முதலீட்டுப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்யும் முறை 1989-ல் தொடங்கியது; அப்போது உலகளாவிய வலை என்ற ஒன்று பொதுமக்களிடம் இல்லவே இல்லை. பங்கேற்பு வரவுசெலவு என்று உலகம் முழுவதும் பரவிய முறை அந்த மண்டபங்களிலிருந்து வந்தது.

இணையம் இரண்டு விஷயங்களை மாற்றுகிறது. கூட்டத்துக்கு வர முடியாதவரும், வேலை முடிந்து இரவில் மட்டுமே நேரம் கிடைப்பவரும் பேச்சில் சேரலாம் என்பது ஒன்று. இது எல்லோருக்கும் தெரிந்ததே. அதைவிடப் பெரியது, அரசின் பதிவேடுகளை அரசுக்கு வெளியே இருப்பவர்கள் தங்கள் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கலாம் என்பது.

நியூயார்க் நகரம் வண்டி நிறுத்த அபராதங்களின் தரவை இணையத்தில் வெளியிடுகிறது. எந்தத் தெரு, எந்த நேரம், எந்தக் குற்றம் என்று ஒவ்வொரு அபராதத்துக்கும் ஒரு வரி. அந்நகரில், கடவுப்பாதைக் கோடு இல்லாத இடங்களில் நடைபாதைச் சரிவின் (நடைபாதையிலிருந்து சாலைக்கு இறங்கும் சாய்தளத்தின்) முன்னால் வண்டி நிறுத்தலாம் என்று சில ஆண்டுகளுக்கு முன்பே விதி மாறியிருந்தது. தரவு ஆய்வாளர் ஒருவர், சரிவை மறித்ததற்காக அதிக அபராதம் விழுந்த முகவரிகளை வரிசைப்படுத்தி, ஒவ்வோர் இடத்தின் தெருப் படத்தையும் பார்த்தார். அவற்றில் பல, விதிப்படி நிறுத்தக்கூடிய இடங்களாகவே இருந்தன. 2016-ல் அதை அவர் காவல்துறைக்கு எழுதியபோது, ரோந்து செல்லும் காவலர்களில் சிலருக்கு விதி மாறியது தெரியவில்லை என்று துறை ஒப்புக்கொண்டு, அவர்களுக்கு மீண்டும் பயிற்சி அளிப்பதாகப் பதில் எழுதியது. அபராதம் கட்டிய ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் நேர்ந்த தொல்லை என்றே நினைத்திருப்பார்கள். வரிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோதுதான் அது நிர்வாகத்தின் பிழை என்று தெரிந்தது.

எங்கள் அலுவலகம் எல்லா ஆவணங்களையும் பிடிஎஃப் ஆக ஏற்றிவிட்டது. இனி என்ன குறை?

படிக்க முடியும், பயன்படுத்த முடியாது. அச்சிட்ட தாளை ஸ்கேன் செய்து ஏற்றிய கோப்பு, கணினியைப் பொறுத்தவரை ஒரு புகைப்படம். அதில் எண்களைக் கூட்ட முடியாது, பெயரைத் தேட முடியாது, பார்வையற்றவரின் திரை வாசிப்பான் அதைப் படித்துச் சொல்லாது.

ஸ்கேன் செய்யாமல் நேரடியாகத் தட்டச்சிட்ட கோப்பிலும் ஒரு பொறி இருக்கிறது. தமிழ் ஆவணங்களைக் கையாள்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ‘அரசு’ என்ற சொல் திரையில் தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது மூன்று ஆங்கில எழுத்துகள்தான். தேடுபொறியில் ‘அரசு’ என்று தேடுபவருக்கு அந்தக் கோப்பு ஒருபோதும் கிடைக்காது. அது பொதுவில்தான் இருக்கிறது, ஆனால் இல்லாததற்குச் சமம். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றி ஏற்றுவது சிறிய வேலை. திறந்த அரசை நோக்கி ஓர் அலுவலகம் இன்றே எடுக்கக்கூடிய முதல் படி அது என்று தயங்காமல் சொல்லலாம்.

அட்டவணைகளில் வேறு வகைச் சிக்கல். மேலே மூன்று வரிக்குத் துறையின் பெயர், நடுவில் இணைக்கப்பட்ட கட்டங்கள், கீழே கூட்டுத்தொகை, இடையிடையே ‘மேற்படி’ என்ற சொல்: கண்ணுக்கு இது அழகான அறிக்கை, கணினிக்கு இது குப்பை. 03/04/05 என்று எழுதிய தேதியை ஒருவர் ஏப்ரல் 3 என்றும், மற்றொருவர் மார்ச் 4 என்றும், இன்னொருவர் 2003-ஆம் ஆண்டு என்றும் படிக்கலாம். முதல் வரியில் தலைப்பு, அதன்பின் ஒரு நிகழ்வுக்கு ஒரு வரி, ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் தேதி, கூட்டுத்தொகை வேண்டாம். இவ்வளவுதான் இலக்கணம்.

இதற்கு நெறிகள் உண்டு. 2007 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் செபாஸ்டபோல் என்ற ஊரில் கூடிய 30 ஆர்வலர்கள், அரசுத் தரவு திறந்தது என்று எப்போது சொல்லலாம் என்பதற்கு 8 நெறிகளை வகுத்தார்கள்: முழுமையாக, மூல வடிவில், காலத்தோடு, எளிதில் எட்டும்படி, கணினியால் கையாளும்படி, யார் கேட்டாலும் பாகுபாடின்றி, தனியொரு நிறுவனத்துக்குச் சொந்தமில்லாத வடிவத்தில், உரிமக் கட்டுப்பாடின்றி. வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ 2010-ல் இதையே நட்சத்திரக் கணக்காகச் சொன்னார். எந்த வடிவமானாலும் திறந்த உரிமத்தோடு வலையில் ஏற்றினால் ஒரு நட்சத்திரம். ஸ்கேன் படத்துக்குப் பதில் எக்செல் போன்ற அட்டவணை என்றால் இரண்டு. காற்புள்ளிகளால் பிரித்த, எந்த மென்பொருளிலும் திறக்கும் சிஎஸ்வி என்ற எளிய உரைக் கோப்பு என்றால் மூன்று. ஒவ்வொரு பொருளுக்கும் நிலையான வலை முகவரி தருவது நான்காவது, பிறரது தரவோடு இணைப்பது ஐந்தாவது. பெரும்பாலான அலுவலகங்களுக்கு மூன்று நட்சத்திரமே போதும். ஐந்தைத் தொட ஆசைப்பட்டு இரண்டு ஆண்டு திட்டமிடுவதைவிட, மூன்றை அடுத்த மாதம் தொடுவது நல்லது.

எந்தத் தரவை முதலில் வெளியிடுவது?

மக்கள் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருப்பதை. தகவல் கேட்டு வந்த மனுக்களின் கோப்பை எடுத்துப் பார்த்தால், ஒரே கேள்வி எத்தனை முறை வந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். அமெரிக்காவின் அரசுத் தரவுத் தளமான டேட்டா.கவ் 2009 மே மாதம் 47 தரவுத்தொகுப்புகளோடுதான் தொடங்கியது. சிறிதாகத் தொடங்குவதில் வெட்கம் இல்லை.

பணம் சார்ந்தவற்றைத் தள்ளிப்போட வேண்டாம், குறிப்பாக ஒப்பந்தப்புள்ளிகளை. உக்ரைனின் ப்ரோஸாரோ என்ற கொள்முதல் தளம் 2016 ஆகஸ்ட் முதல் அந்நாட்டின் எல்லா அரசு அமைப்புகளுக்கும் கட்டாயமானது. ஏலம் முடிந்ததும், வென்றவரின் ஆவணங்கள் மட்டுமல்ல, தோற்றவர்கள் சொன்ன விலைகளும் பொதுவில் திறந்துவிடும். தோற்ற போட்டியாளரைவிடக் கூர்மையான தணிக்கையாளர் கிடைப்பது அரிது. அவருக்குச் சம்பளமும் தர வேண்டியதில்லை.

தரவைத் தயாரிக்கச் செலவாகிறது. கட்டணம் வாங்கினால் என்ன?

வாங்கலாம், யாரும் வாங்க மாட்டார்கள். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை அமெரிக்க அரசு ஒரு படம் சுமார் 600 டாலர் என்று விற்ற காலத்தில், விற்பனை உச்சத்தில் இருந்த 2001-ல்கூட நாளொன்றுக்குச் சராசரியாக 53 படங்களே போயின. 2008-ல் அதை இலவசமாக்கிய பிறகு நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் பதிவிறக்கம் ஆயின. காடழிப்பையும் பனிப்பாறை உருகுவதையும் ஆண்டு ஆண்டாக ஒப்பிடுவதற்கு ஆயிரக்கணக்கான படங்கள் வேண்டும்; விலை இருந்தவரை அப்படி ஓர் ஆய்வைத் தொடங்க நினைத்தவர்களே குறைவு.

தனிநபர் விவரங்கள் வெளியே போய்விடாதா?

இந்த அச்சம் நியாயமானது. பெயரை நீக்கிவிட்டோம், போதும் என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு.

2014-ல் நியூயார்க்கின் 2013-ஆம் ஆண்டு டாக்சிப் பயணத் தரவு, தகவல் கேட்டு மனுச் செய்த ஒருவருக்கு வழங்கப்பட்டுப் பொதுவெளிக்கு வந்தது. 17 கோடிக்கும் மேற்பட்ட பயணங்கள். ஏறிய இடம், இறங்கிய இடம், நேரம், கட்டணம் எல்லாம் இருந்தன. டாக்சி எண்ணுக்குப் பதிலாக, கணக்கீட்டு முறையில் மாற்றிய ஒரு நீண்ட குறியீடு மட்டும் இருந்தது. ஆனால் டாக்சி எண்களின் அமைப்பு எல்லோருக்கும் தெரிந்தது. இருக்கக்கூடிய எண்கள் மொத்தமே சில கோடிக்குள் அடங்கும். அவை அனைத்தையும் அதே முறையில் மாற்றி ஒப்பிட்டுப் பார்த்த நிரலாளர் ஒருவர், சில மணி நேரத்துக்குள் எல்லாக் குறியீடுகளையும் உடைத்துவிட்டார். அதன்பின், டாக்சியில் ஏறும்போது புகைப்படம் எடுக்கப்பட்ட பிரபலங்கள் எங்கே போனார்கள், எவ்வளவு கட்டணம் தந்தார்கள் என்பதையும் சிலர் கண்டுபிடித்தார்கள். படத்தில் வண்டி எண் தெரிந்தால் போதுமாக இருந்தது.

ஆகவே வெளியிடுவதற்கு முன், இந்தத் தரவை வேறு எதோடு பொருத்தினால் ஓர் ஆள் அடையாளம் தெரிவார் என்று, அதைத் தயாரிக்காத ஒருவரிடம் கொடுத்துச் சோதிக்கச் சொல்ல வேண்டும். அதே சமயம், ‘தனியுரிமை’ என்ற சொல்லை அதிகாரிகள் தங்கள் முடிவுகளை மறைத்துக்கொள்ளும் போர்வையாக்குவதும் நடக்கிறது. குடிமகனின் மருத்துவக் குறிப்பு தனிப்பட்டது; ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அதிகாரியின் பதவி அப்படியல்ல. எஸ்டோனியா இதை அழகாகத் திருப்பிப் போட்டிருக்கிறது: அங்கே தன்னைப் பற்றிய பதிவுகளை எந்த அரசு அமைப்பு எப்போது எடுத்துப் பார்த்தது என்பதைக் குடிமகனே அரசுத் தளத்தில் உள்நுழைந்து காணலாம்.

பங்கேற்பு என்றால் எதிலிருந்து தொடங்குவது?

சட்ட வரைவிலிருந்து அன்று, தெருவிளக்கிலிருந்து. பிரிட்டனில் மைசொசைட்டி என்ற தொண்டு அமைப்பு 2007-ல் தொடங்கிய ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் தளம் இதற்கு இன்றும் நல்ல பாடம். குழியோ, எரியாத விளக்கோ, கொட்டிய குப்பையோ கண்டவர், தெருவின் பெயரைக் கொடுத்து வரைபடத்தில் அந்த இடத்தைச் சுட்டி, இரண்டு வரி எழுதுகிறார். அந்த இடம் எந்த உள்ளாட்சியைச் சேர்ந்தது, அந்த வகைப் புகாரை எந்தப் பிரிவு பார்க்கிறது என்பதெல்லாம் தளத்தின் கவலை. ‘இது எங்கள் எல்லை அல்ல’ என்ற பேச்சுக்கே இடம் இல்லை. புகார் உடனே எல்லோர் கண்ணிலும் படுகிறது. அதே குழியைப் புகார் செய்ய வரும் அடுத்தவர், ஏற்கெனவே ஒருவர் எழுதியிருப்பதைப் பார்த்து அதன் கீழேயே சேர்ந்துகொள்கிறார். நான்கு வாரம் கழித்துப் புகார் செய்தவருக்கு ஒரு மின்னஞ்சல் போகிறது: சரிசெய்தார்களா, இல்லையா?

கடைசியில் வரும் அந்தக் கேள்விதான் இந்தத் தளத்தின் உயிர். அலுவலகங்களில் ஒரு புகார் ‘முடிக்கப்பட்டது’ என்று குறிக்கப்படுவதற்கும் குழி மூடப்படுவதற்கும் எப்போதும் தொடர்பு இருக்கும் என்று சொல்ல முடியாது. முடிந்ததா என்று தீர்ப்பளிக்கும் உரிமையை, முடிக்க வேண்டியவரிடம் விடாமல் கேட்டவரிடம் கொடுத்ததுதான் இதன் நுட்பம். இதற்கு எழுதப்பட்ட நிரல் சில வரிகள்தான் இருக்கும்.

இணைய மனுக்களால் ஏதாவது நடக்கிறதா?

தளத்தின் விதியைப் பொறுத்தது. பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மனுத் தளத்தில் 10,000 கையெழுத்துக்கு அரசின் பதில் உண்டு, 1 லட்சத்துக்கு நாடாளுமன்ற விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப் பரிசீலிப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் பிரெக்சிட் முடிவைக் கைவிடக் கோரிய 2019-ஆம் ஆண்டு மனுவில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். கூட்டம் தாங்காமல் தளமே தடுமாறியது. ஏப்ரல் 1 அன்று விவாதம் நடந்தது, அரசு மறுத்துவிட்டது. பின்லாந்தில் 2012 முதல், ஆறு மாதத்துக்குள் 50,000 பேர் ஆதரித்த முன்மொழிவை நாடாளுமன்றம் எடுத்துப் பரிசீலித்தாக வேண்டும். ஒரே பாலினத் திருமணத்துக்கான சட்டம் அங்கே அப்படித்தான் பிறந்து 2014-ல் நிறைவேறியது. 60 லட்சம் கையெழுத்து ஓரிடத்தில் விவாதத்தோடு நின்றது, 50,000 என்ற வரம்பு இன்னோரிடத்தில் சட்டம் வரை போக வழிவிட்டது. கூட்டத்தின் அளவைவிட, அந்தக் கையெழுத்துகள் போய்ச் சேரும் மேசை எது என்பதே முக்கியம்.

விளையாட்டு மனுக்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். வெள்ளை மாளிகையின் மனுத் தளத்தில், ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்தில் வருவதுபோல் கிரகங்களைத் தகர்க்கும் விண்கோட்டை ஒன்றைக் கட்டச் சொல்லி 34,000-க்கும் மேற்பட்டோர் கேட்டார்கள். கிரகங்களை வெடிக்க வைப்பதை நிர்வாகம் ஆதரிக்கவில்லை என்று 2013 ஜனவரியில் முறையான பதில் வந்தது. பதில் தருவோம் என்று விதி இருந்தது, தந்தார்கள். அதே தளத்தில் கனமான மனுக்கள் சில மாதக்கணக்கில் பதிலின்றிக் கிடந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கருத்துப் பகுதியைத் திறந்தால் வசவுதானே வரும்?

பதிலுக்குப் பதில் எழுதும் வசதியைக் கொடுத்தால் வரும். அந்தப் பொத்தானை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று தைவான் பார்த்தது. அங்கே கவ்-ஸீரோ என்ற தன்னார்வ நிரலாளர் சமூகம் உருவாக்கிய வி-தைவான் என்ற கலந்தாய்வு முறை, 2015-ல் ஊபர் வண்டிகளை எப்படி ஒழுங்குபடுத்துவது என்ற கேள்வியைப் போலிஸ் என்ற மென்பொருளில் வைத்தது. (காவல்துறைக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை.) அதில் ஒருவர் ஒரு கூற்றை எழுதலாம், மற்றவர்கள் அதற்கு ‘ஏற்கிறேன்’, ‘மறுக்கிறேன்’, ‘தாண்டுகிறேன்’ என்ற மூன்றில் ஒன்றைத்தான் அழுத்த முடியும். மறுமொழி எழுத வழியில்லை. ஒரே மாதிரி வாக்களிப்பவர்களை மென்பொருள் குழுக்களாகப் பிரித்து வரைபடமாகக் காட்டுகிறது. எதிரெதிர்க் குழுக்கள் இரண்டும் ஏற்கும் கூற்றுகள் எவை என்பதும் தெரிகிறது. கவனம் ஈர்க்க வேண்டுமானால் எதிராளியும் ஏற்கும்படி எழுதியாக வேண்டும். டாக்சி ஓட்டுநர்களும் ஊபர் ஆதரவாளர்களும் மோதிக்கொண்டிருந்த விவகாரத்தில், ஓட்டுநருக்கு முறையான உரிமம், பயணிக்குக் காப்பீடு போன்றவற்றில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடே இல்லை என்று தெரியவந்தது. பிறகு தொடர்புடையவர்களை நேரில் உட்காரவைத்துப் பேச்சு நடந்தது, 2016-ல் விதிகளும் வந்தன. மென்பொருள் எந்த முடிவையும் எடுக்கவில்லை; பேச வேண்டியது எது, பேசவே வேண்டாதது எது என்று பிரித்துக் கொடுத்தது.

ஒரே ஆள் ஆயிரம் பெயரில் கருத்து அனுப்பினால்?

ஆயிரம் என்ன, லட்சக்கணக்கிலும் வரும். அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 2017-ல் இணையச் சமநிலை விதிகள் (இணையச் சேவை நிறுவனங்கள் எல்லாத் தளங்களையும் பாகுபாடின்றி நடத்த வேண்டும் என்பவை) பற்றிக் கருத்துக் கேட்டபோது சுமார் 2.2 கோடி கருத்துகள் வந்தன. அவற்றில் ஏறத்தாழ 1.8 கோடி போலியானவை என்று நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞரின் 2021-ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. ஒரு பங்கு, தொழில்துறைப் பணத்தில் நடந்த பிரசாரத்தின் வேலை. இன்னொரு பங்கு, 19 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் நிரல் எழுதி அனுப்பியது. இரண்டும் எதிரெதிர்த் தரப்பு.

மின்னஞ்சலைச் சரிபார்ப்பது, ஒரே வாசகம் மீண்டும் மீண்டும் வருவதைக் கண்டறிவது போன்ற தடுப்புகள் வேண்டியவைதான். ஆனால் நோய் வேறு இடத்தில் இருக்கிறது. கருத்துக்கேட்பு வாக்கெடுப்பு அன்று. அங்கே எண்ணிக்கைக்கு மதிப்புக் கொடுத்தால் எண்ணிக்கை உற்பத்தியாகும். ‘இந்த விதியால் என் வேலையில் இன்ன சிக்கல் வரும்’ என்று எழுதிய ஒரு செவிலியரின் கடிதம், நகலெடுத்த பத்தாயிரம் கடிதங்களைவிடப் பயனுள்ளது. கேள்வியையே ‘ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா’ என்று வைக்காமல், ‘இதில் நாங்கள் காணத் தவறியது என்ன’ என்று வைத்தால் போலிகளுக்கு வேலை குறையும். அடையாள அட்டை கேட்டுக் கதவை இறுக்குவது கடைசி வழியாகவே இருக்கட்டும். பேசப் பயப்படுபவர்களே அதனால் முதலில் விலகுவார்கள்.

இணையம் இல்லாதவர்கள் விடுபட்டுப் போகிறார்களே?

ஆம், போகிறார்கள். கைப்பேசி எல்லோரிடமும் இருக்கிறது என்ற பதில் சரியான பதில் அன்று. கைப்பேசி இருந்தாலும் நேரமும், அரசு நடையைப் படித்துப் புரிந்துகொள்ளும் பழக்கமும் இருப்பவர்களே இத்தகைய தளங்களுக்கு வருகிறார்கள். ஆகவே தளத்தில் வந்த கருத்தை ‘மக்கள் கருத்து’ என்று அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்பெயினின் மாட்ரிட் நகராட்சி, மக்கள் பங்கேற்புக்கான தன் டிசைட் மாட்ரிட் தளத்தில் எழுந்த முன்மொழிவுகளை 2017 பிப்ரவரியில் வாக்குக்கு விட்டபோது, இணையத்தோடு அஞ்சலிலும் நேரிலும் வாக்களிக்க இடம் வைத்தது. ஐஸ்லாந்து 2010-ல் அரசியலமைப்பைத் திருத்த முனைந்தபோது, முதலில் குலுக்கல் முறையில் தேர்ந்த சுமார் 950 பேரை ஒரு நாள் கூட்டிப் பேசவைத்தது. தாமாக வருபவர்களை மட்டும் கேட்பதற்கும், நாமாகத் தேடிப்போய்க் கேட்பதற்கும் உள்ள வேறுபாடு அது.

மக்கள் சொன்னதை அரசு ஏற்றுத்தான் ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. ஆனால் எந்த அளவுக்கு ஏற்கப்போகிறோம் என்பதைக் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும், கேட்ட பிறகு என்ன செய்தோம் என்பதைக் காரணத்தோடு சொல்ல வேண்டும்.

ஐஸ்லாந்தின் கதை இங்கேயும் தேவைப்படுகிறது. புதிய அரசியலமைப்பை எழுத அமைக்கப்பட்ட 25 பேர் கொண்ட மன்றம் 2011-ல் வரைவை எழுத எழுத இணையத்தில் வெளியிட்டது. ஃபேஸ்புக் உள்ளிட்ட வழிகளில் ஆயிரக்கணக்கான கருத்துகள் வந்தன, அவற்றில் சில வரைவிலும் இடம்பிடித்தன. 2012 அக்டோபர் 20 அன்று நடந்த ஆலோசனை வாக்கெடுப்பில் வாக்களித்தோரில் மூன்றில் இரண்டு பங்கினர், அந்த வரைவை அடிப்படையாகக் கொள்ள ஆதரவு தந்தனர். நாடாளுமன்றம் அதை நிறைவேற்றாமலே விட்டுவிட்டது. தொழில்நுட்பத்தில் குறை இல்லை, மக்களின் ஆர்வத்திலும் குறை இல்லை. முடிவெடுக்கும் அதிகாரம் இருந்த இடத்துக்கும் பேச்சு நடந்த இடத்துக்கும் இடையே பாலம் இல்லை. ஆகவே ஒரு கலந்தாய்வுத் தளத்தைக் கட்ட யாராவது அழைத்தால், நிரலாளர் கேட்க வேண்டிய முதல் கேள்வி எந்த மொழியில் எழுதுவது என்பதன்று. இதில் வரும் கருத்துகளைப் படித்துக் கையெழுத்திடப் போகும் அதிகாரி யார் என்பது. பெயர் கிடைக்காவிட்டால் வேலையைத் தொடங்காமல் இருப்பதே உத்தமம்.

பதில் எழுதுவதில் ஓர் எளிய முறை உண்டு. வந்த கருத்துகளைப் பொருள்வாரியாகச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘ஏற்றோம், வரைவின் இந்தப் பத்தி மாறியது’ அல்லது ‘ஏற்கவில்லை, காரணம் இது’ என்று ஓர் அட்டவணை. மறுப்பைக்கூட மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். மௌனத்தைப் பொறுத்துக்கொண்டு அடுத்த முறையும் வருபவர்கள் மிகச் சிலர்.

அப்படியானால் தேர்தல் வாக்குப்பதிவையே இணையத்துக்கு மாற்றிவிடலாமே?

அது வேறு பிரச்சினை. கருத்துக்கேட்பில் வெளிப்படைத்தன்மை வேண்டும், வாக்குப்பதிவில் ரகசியம் வேண்டும். இரண்டையும் ஒரே தளம் தீர்க்காது. எஸ்டோனியா 2005 முதல் இணையத்தில் வாக்களிக்க விடுகிறது, 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கும் மேற்பட்ட வாக்குகள் அப்படி வந்தன. மிரட்டி வாக்களிக்க வைப்பதை முறியடிக்க, ஒருவர் எத்தனை முறையும் மாற்றி வாக்களிக்கலாம், கடைசி வாக்கே கணக்கு என்று விதி வைத்திருக்கிறார்கள். இதற்கெல்லாம் அடியில் நாட்டு மக்களில் ஏறத்தாழ அனைவரிடமும் இருக்கும் மின் அடையாள அட்டை இருக்கிறது. அது இல்லாத இடத்தில் இதைத் தொடாமல் இருக்கலாம்.

மென்பொருளை நாங்களே எழுத வேண்டுமா?

வேண்டாம். மாட்ரிட் தன் தளத்துக்காக எழுதிய கான்சல், பார்சிலோனா எழுதிய டெசிடிம் ஆகிய இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள். பல நாடுகளில் ஏராளமான அரசுகள் அவற்றை எடுத்துத் தங்களுக்கேற்ப மாற்றிக்கொண்டிருக்கின்றன. முன்மொழிவு, விவாதம், பங்கேற்பு வரவுசெலவு, வாக்கெடுப்பு எல்லாம் உள்ளேயே உண்டு. நிரல் திறந்திருப்பதில் சிக்கனத்தைவிடப் பெரிய நன்மை ஒன்று இருக்கிறது: வாக்குகள் எப்படி எண்ணப்படுகின்றன, எந்த முன்மொழிவு ஏன் மேலே வருகிறது என்பதை ஐயம் கொண்ட எவரும் திறந்து பார்க்கலாம்.

மென்பொருள் இலவசம் என்றாலும் ஆள் இலவசம் அன்று. கருத்துகளைப் படிக்கவும், தொகுக்கவும், பதில் வரைவு எழுதவும், துறைகளைத் துரத்திப் பிடித்துக் கையெழுத்து வாங்கவும் முழுநேர ஆட்கள் வேண்டும். நிதியில் பெரும்பங்கு அதற்குப் போக வேண்டும்.

வெற்றி பெற்றதா என்று எப்படி அறிவது?

பார்வையாளர் எண்ணிக்கையால் அன்று. ஒரு கேள்விக்குப் பதில் வர எத்தனை நாள் ஆகிறது, வந்த கருத்துகளால் எத்தனை முடிவுகள் மாறின, ஒருமுறை வந்தவர் மீண்டும் வந்தாரா: இந்த மூன்றும் போதும்.

கலந்தாய்வு முடிந்த பிறகு தளத்தை என்ன செய்வது?

பெரும்பாலும் நடப்பது இது: திட்டக் காலம் முடிகிறது, வழங்கிக்கான (சர்வருக்கான) கட்டணம் நிற்கிறது, ஒரு நாள் காலையில் பக்கம் திறக்கவில்லை. அதில் எழுதியவர்களின் உழைப்பும், அரசு தந்த பதில்களும் சேர்ந்து மறைகின்றன. ஆட்சி மாறும்போது இது இன்னும் எளிதாக நடக்கும். வெள்ளை மாளிகையின் மனுத் தளமே 2021-ல் அதிபர் மாறியதும் இயங்குவதை நிறுத்தியது.

தொடங்கும் நாளிலேயே மூடும் நாளுக்கான ஏற்பாடும் இருக்க வேண்டும். புதிய கருத்துகளை ஏற்பதை நிறுத்திவிட்டு, எல்லாப் பக்கங்களையும் தரவுத்தளம் தேவைப்படாத எளிய நிலைப்பக்கங்களாக மாற்றி, அதே முகவரியில் விட்டுவைக்கலாம். அப்படி வைப்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. கருத்துகளையும் பதில்களையும் ஒரு சிஎஸ்வி கோப்பாக எடுத்து அரசு ஆவணக் காப்பகத்துக்கு ஒரு நகல் கொடுக்கலாம். முகப்பின் மேலே, இந்தக் கலந்தாய்வு எந்தத் தேதியில் முடிந்தது, அதன் பயனாக எந்த ஆணை எந்த எண்ணில் வெளிவந்தது என்று இரண்டு வரி சேர்த்து, அந்த ஆணைக்கு ஓர் இணைப்பும் கொடுக்க வேண்டும். ஆணை எதுவும் வரவில்லை என்றால், வரவில்லை என்பதையும் அதே இடத்தில் எழுத வேண்டும்.